எழுந்து நிற்காத மகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். சிரிப்பும் அப்படித்தான். கண்ணீர் மட்டும் வராது. இதை இப்போது யார் கேட்டாலும் கூச்சப்படாமல் சொல்கிறேன். முன்பு சொல்லியிருக்க முடியாது, எனக்கே தெரியாதே.

முதலில் வந்தது கண் உறுத்தல்தான். காக்களூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் எனக்குச் செக்கிங் வேலை. மெஷினிலிருந்து சூடு ஆறாமல் விழுகிற மூடிகளில் உடைசல், பிசிறு பார்த்துப் பிரிக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டேதான். மதியத்துக்குள் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டமாதிரி கரகரவென்று ஆகிவிடும். பிளாஸ்டிக் புகைதான் காரணம் என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வாயும் காய்ந்தது. டீக்கடை பன்னைக்கூடத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை. பல் ஒவ்வொன்றாகச் சொத்தையானது. இனிப்பு அதிகம் தின்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். இனிப்பு எங்கே தின்றேன், வாயில் போட்டால் கரைந்தால்தானே?

அப்புறம்தான் நிற்பது கஷ்டமானது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கண் இருட்டும், காது அடைக்கும். தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் படுத்தே ஆக வேண்டும். நாலு வாய் சாப்பிட்டால் வயிறு கல்லாகிவிடும். வெயில் காலத்தில் லைனில் எல்லோருக்கும் முதுகு நனைந்து துணி ஒட்டியிருக்கும், எனக்கு ஒரு பொட்டு வியர்க்காது. கொடுத்து வைத்தவள் என்று கூட வேலை செய்கிறவர்கள் பொறாமைப்பட்டார்கள். உள்ளே நான் கொதித்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவேன். சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் எழுந்துகொள்வேன். மறுபடி உட்காருவேன்.

டாக்டரிடம் போகாமலில்லை. தெருமுனை டாக்டர் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கேஸ் என்றார். மூன்றாமவர், எல்லாம் டென்ஷன், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் எனக்கு நிஜமாகவே டென்ஷன் வந்தது. கடைசியில் எனக்கு ஒரு பெயர் நிலைத்தது: சோம்பேறி. புகுந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை, பிறந்த வீட்டில் சொன்னார்கள்.

பிறந்த வீடு கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஒரு காலனி. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் அவர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தவர். கம்பெனிகள் வந்தபிறகு இரும்பு உருக்குகிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நின்றார். கடைசியில் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். ஆயுசில் முதல் தடவையாக நாற்காலி போட்டுச் சம்பளம் தருகிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அம்மா அவருக்கு நேர் எதிர், உட்காரவே தெரியாதவள். சாவு வீட்டில் அழுவதில் அம்மாவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் அம்மா உள்ளே நுழைந்து குரலெடுத்தபிறகுதான் அழுகை சூடு பிடிக்கும். கூலிக்கு அழுகிறவள் இல்லை. செத்தவர் தனக்குச் செய்த நல்லது ஒன்றை எங்கிருந்தாவது ஞாபகப்படுத்தி, அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். அழுது முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போட்டாச்சா என்று கேட்பாள்.

நைனா பக்கவாதத்தில் படுத்தபோது நான் அடிக்கடி போகவில்லை. திருவள்ளூரில் பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, ஆடி மாதமென்றால் கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் நசுங்கி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போக வேண்டும். ஒரு தடவை பாதி வழியில் கண் இருட்டி, பஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் முழுகாம இருக்கிறேனா என்று விசாரித்துவிட்டு ஒரு சீட் வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கிற அன்றைக்கு மட்டும் வண்டியில் போய்வந்தேன். பெற்ற அப்பனைப் பார்க்க வர நேரமில்லை என்று என் காதுபடவே பேசினார்கள். அம்மா அப்போது எனக்காகப் பரிந்து பேசினாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். என்ன உடம்பு என்று கேட்டால் சொல்ல அவளிடம் பெயர் இல்லை.

சித்திரை வெயிலில் நைனா போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஷாமியானா கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மா குரல் கம்மிப்போய்க் கிடந்தாள். நான் ஓடிப்போய் அவள்மேல் விழுந்தேன். நெஞ்சு விம்மியது. கண்ணில் ஒன்றுமில்லை, எரிச்சல் மட்டும்தான் இருந்தது. சத்தம் போட்டாவது அழுதிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நைனா என்று ஒரு தடவை கூப்பிட்டேன், காற்றாகத்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினால் மேளத்தை ஓங்கி அடிப்பார்கள். பெற்ற மகள் எழுந்து பந்தல் ஓரம் வரைக்கும் போய், வருகிறவர்களின் தோளைக் கட்டிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து அழுதபடியே உள்ளே அழைத்து வர வேண்டும். அடுத்த கூட்டம் வந்தால் மறுபடி எழுந்துகொள்ள வேண்டும். நைனா நாலு ஊரில் பழகின மனிதர். வந்துகொண்டே இருந்தார்கள். முதல் கூட்டத்துக்கு எழுந்தேன். அடுத்த கூட்டத்துக்கும் எழுந்தேன், ஆனால் பந்தல் ஓரம் போவதற்குள் எல்லாம் கறுப்பாகிவிட்டது. யார் தோளைப் பிடித்தேன் என்று தெரியாது. திரும்பி வந்து ஐஸ் பெட்டியோரம் உட்கார்ந்து அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டேன். உடம்பு அனலாகக் கொதித்ததற்கு அந்தச் சில்லிப்பு ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. நைனாவின் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பக்கத்திலேயே தெரிந்தது. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் நான் எழுந்துகொள்ளவில்லை.

வீட்டுக்காரர் ஒரு சோடா வாங்கி வந்து கொடுத்தார். குடித்தேன். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கொரு தடவை வாயை நனைத்துக்கொண்டேன். நைனாவின் தங்கை, என் அத்தை, எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலிருந்தவளிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்:

"அண்ணன ஐஸ் பொட்டில வச்சிக்கினு இவ சோடா குடிக்கிறா பாரு. ஒரு சொட்டு கண்ணு தண்ணி வருதா? வர்றவங்களுக்கு எழுந்துக்கக்கூட ஒடம்பு வளையல."

அம்மா தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். கண்ணைத்தான் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நைனாவைத் தூக்கும்போது எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், அப்படியே சரிந்துவிட்டேன். முகத்தில் தண்ணீர் அடித்துத் தெளிய வைத்தார்கள். கண்ணைத் திறந்தபோது தெருவில் மேளம் தூரமாகப் போய்விட்டிருந்தது. அழுகை வராதவள் மயக்கம் போட்டுக் காட்டுகிறாள் என்று யாரோ பேசிக்கொண்டார்கள். கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் அப்படியே விட்டேன். அதையாவது அம்மா பார்க்கட்டும் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியபிறகு, அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். சத்தமே இல்லாமல் பேசினாள். அம்மா சத்தமில்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஊர்ல எவன் செத்தாலும் நான் போய் அழுதுட்டு வர்றேன். எம் புருசன் சாவுக்கு எம் பொண்ணு அழுவுல. இனிமே நீ இங்க வராத."

உள்ளுக்குள்ளே அழுகிறேன் அம்மா என்றேன். உள்ளே அழுதால் யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டின பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் போன் செய்தால் தம்பிதான் எடுப்பான். அம்மா வெளியே போயிருக்கிறாள், தூங்குகிறாள், கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்று ஏதாவது சொல்வான். பின்னால் அம்மா தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். நைனா போய் ஒரு வருஷம் ஆனதற்குப் படைத்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. தம்பி தன் போன் ஸ்டேட்டஸில் வைத்திருந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாலை போட்ட நைனா படம், இலையில் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் இளைத்துப்போன அம்மா. அந்தப் படத்தை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேனோ தெரியாது.

என் வியாதியைக் கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். திருவள்ளூரில் சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போனேன். சின்ன வயதுப் பெண், எனக்குத் தங்கை மாதிரி இருந்தாள். வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், எச்சிலே இல்லையே, கண்ணும் காய்கிறதா என்று கேட்டாள். பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல். பல்லைப் பிடுங்கிவிட்டு, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

அங்கே கீழிமைக்குள் ஒரு மெல்லிய காகிதத்தை மடித்துச் சொருகிக் கண்ணை மூடச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது காகிதம் வைத்தபடியே காய்ந்திருந்தது. என்னைப் படுக்கவைத்துப் பிரஷரும் நாடியும் பார்த்தார்கள், நிற்கவைத்து மறுபடி பார்த்தார்கள். நிற்கச் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே நாடி எகிற ஆரம்பித்தது. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சாதாரணமாக ஒன்று கேட்டார்:

"அழுதா உங்களுக்குக் கண்ணீர் வருமா?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் ஏன் அழவில்லை என்றுதான் கேட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அந்த வியாதிக்கு ஒரு வெளிநாட்டு டாக்டரின் பெயர் வைத்திருக்கிறார்கள், என் வாயில் அது நுழையாது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறதாம். கண்ணீரும் எச்சிலும் சுரக்கிற இடங்களைக் கெடுத்துவிட்டு, நரம்பிலும் கை வைத்துவிட்டதாம். நாம் சொல்லாமலே தன்பாட்டுக்கு வேலை பார்க்கிற நரம்புகள் சில உண்டு. எழுந்து நின்றால் ரத்தத்தைத் தலைக்கு அனுப்புவது, வெயிலில் வியர்க்க வைப்பது, தின்றதை வயிற்றிலிருந்து நகர்த்துவது எல்லாம் அவை செய்கிற வேலை. தானியங்கி நரம்பு மண்டலம் என்று டாக்டரம்மா சொன்னார். பெயர்தான் தானியங்கி, என்னிடம் வந்து அது வேலைநிறுத்தம் செய்கிறது. முழுக்கக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, காலுக்கு இறுக்கமான நீள சாக்ஸ், நிறையத் தண்ணீர், என் பிரஷர் இறங்குகிற பிரஷர் என்பதால் உப்பும் கொஞ்சம் கூடுதலாக. திடீரென்று எழக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், இதை முதலில் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே வண்டியில் கூட்டிப் போனார். என்னை இறக்கிவிட்டுவிட்டு, பேச வேண்டியதைப் பேசுங்கள் என்று டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அம்மா வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்தமாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தைச் சொன்னேன், நாடியைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வராத வியாதி என்று உலகத்தில் ஒன்று உண்டா என்று அவளுக்குச் சந்தேகம். திடீரென்று அரிவாள்மனையை என் பக்கம் நகர்த்தி, நாலைந்து வெங்காயத்தை என் முகத்துக்கு நேராக வைத்து அரிய ஆரம்பித்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முகத்தை விலக்கவில்லை. கண் எரிந்தது, சிவந்துகூட இருக்கும். அம்மாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. என் கண் அப்படியே இருந்தது.

அம்மா அரிவதை நிறுத்திவிட்டு, கட்டைவிரலால் என் கண்ணுக்குக் கீழே தடவிப் பார்த்தாள். வெங்காயக் கை, இன்னும் எரிந்தது. பிறகு என்னை எழுந்து நிற்கச் சொல்லி நெஞ்சில் கை வைத்தாள். வைத்தவள் கையை எடுக்காமல், உக்காரு உக்காரு என்று என்னை அழுத்தி உட்கார வைத்தாள்.

"அன்னிக்கி இப்பிடியாடி அடிச்சிக்கினு இருந்துச்சி?"

ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அம்மா அழுத அழுகை வெங்காயத்துக்கு இல்லை. வரவேண்டாம் என்று சொன்ன வாயைத் தன் கையாலேயே அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். இத்தனை நாள் எனக்கு இருந்த கோபமெல்லாம் அவள்மேல்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கையைப் பிடித்தபோது கோபம் இருந்த இடமே தெரியவில்லை. வருத்தம்தான் இருந்தது. புருஷன் போன துக்கத்தோடு பெற்ற மகள் அழவில்லை என்கிற துக்கத்தையும் அம்மா தனியாகச் சுமந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார வேண்டிய நான் திருவள்ளூரில் உட்கார்ந்து போன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்கள் இரண்டு பேருக்கும் வீண்.

சாப்பிட்டு முடித்தபிறகு அம்மா கொஞ்சம் தெளிந்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"அப்போ நான் செத்துப் பூட்டாலும் உனுக்குக் கண்ணு தண்ணி வராதா?"

அழ ஒரு பொட்டைப்பிள்ளை வேண்டுமென்றுதான் என்னைப் பெற்றதாக எத்தனையோ தடவை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லியிருக்கலாம். மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். வராதும்மா என்றேன்.

அம்மா யோசித்தாள். அந்தச் சொட்டு மருந்தை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சேர்த்து ஊற்றிக்கொண்டால் கன்னத்தில் வழியுமா என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

வீட்டுக்காரர் வந்து வண்டியைத் திருப்பினார். நான் உள்ளே பையை எடுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் அம்மா பக்கத்து வீட்டு அம்மாவை நிறுத்திப் பேசுவது கேட்டது. சாவு வீடுகளுக்கு எப்போதும் அம்மாவோடு சேர்ந்து போகிறவர் அவர்.

"எம் பொண்ணுக்கு ஒடம்புல ஒரு வியாதி கீது, அழுதா தண்ணி வராது, நின்னா மயக்கம் வந்துரும். நான் பூட்டா அவள எழுந்துக்கச் சொல்லாதீங்க. அவளுக்கும் சேத்து நீ கொஞ்சம் அழுதுரு."

ஏதோ விசேஷ வீட்டுக்கு ஒரு கை உதவி கேட்பதுபோல அதைக் கேட்டாள். அந்த அம்மாவும் சரி என்றார். தன் சாவன்றைக்கு மகளுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று உயிரோடிருக்கும்போதே ஆள் பிடித்து வைக்கிறாள் என் அம்மா. கேட்காததுபோல வெளியே வந்து வண்டியில் ஏறினேன்.

வழியெல்லாம் நைனாவைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெயர், அந்த வியாதியின் பெயர் மட்டும் முன்னமே தெரிந்திருந்தால், அம்மா அந்தப் பந்தலிலேயே எல்லோரிடமும் இதைச் சொல்லியிருப்பாள். எனக்கும் சேர்த்து அவருக்காக யாராவது அழுதிருப்பார்கள். நைனாவுக்கு அந்த ஓர் அழுகை குறைந்தது குறைந்ததுதான்.